நாற்றத்துக்கும் ஒரு விதி

நெடி எங்கிருந்து வருகிறது?

சமையலறையில் கேஸ் கசிந்தால் அது முதலில் தெரியவருவது மூக்குக்குத்தான். அழுகிய முட்டையை நினைவூட்டும் அந்த நெடி எரிவாயுவின் இயல்பான மணம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் சிலிண்டரில் அடைக்கப்படும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் ஏறக்குறைய மணமே கிடையாது. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நாம் முகர்வது, வேண்டுமென்றே கலக்கப்பட்ட மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மத்தின் நெடி. மணமற்ற வாயுவில் எச்சரிக்கைக்காக நாற்றம் சேர்க்கும் இந்த வேலையை இந்த அத்தியாயத்தில் 'நெடியூட்டல்' என்று அழைப்போம்.

நெடி சேர்க்கப்பட்டது என்று தெரிந்தவுடன் அடுத்த கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு சேர்ப்பது? குறைவாகச் சேர்த்தால் ஆபத்து நெருங்கிய பிறகே மூக்குக்குத் தெரியும். மிகையாகச் சேர்த்தால் அடுப்பைப் பற்றவைக்கும் ஒவ்வொரு தடவையும் வீடு நாறும். நாளடைவில் மக்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள். சரியான அளவு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது யார்? நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்து மில்லிகிராம் கணக்குப் போடுவதில்லை. ஒரு தனி நிறுவனம் முடிவு செய்தால் அதன் போட்டியாளர் வேறொன்றை முடிவு செய்வார். இந்தக் கேள்விக்குத் தெளிவான ஏற்பாட்டை உருவாக்கிய நாடுகளில் ஜெர்மனி முக்கியமானது. அங்கே அந்த அளவை எழுதிவைத்திருப்பது 1859-இல் பிராங்க்ஃபர்ட் நகரில் தொடங்கப்பட்ட ஒரு சங்கம். ஜெர்மன் எரிவாயு, நீர்த் துறைச் சங்கம் என்பது அதன் பெயரின் பொருள்; ஜெர்மன் எழுத்துகளின் சுருக்கமாக டிவிஜிடபிள்யூ என்று அழைக்கப்படுகிறது.

கண்ணால் பார்க்க முடியாத ஓர் ஆபத்தை ஒரு குடும்பம் தானாக அளந்து பார்க்க முடியாது. சட்டத்தாலும் அதை முழுமையாக அளக்க முடியாது, சந்தையாலும் முடியாது. தொழிலை அறிந்தவர்கள் தங்கள் அறிவைப் பொதுவில் வைத்து, எழுதி, திருத்தி, மீண்டும் எழுதும் ஒரு மூன்றாவது ஏற்பாடு தேவைப்படுகிறது. இந்தச் சங்கத்தின் வரலாறு அதற்குச் சான்று. அந்த ஏற்பாட்டின் மீது நியாயமான ஐயங்களும் உண்டு. அவற்றையும் எதிர்கொண்டுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும்.

மெழுகுவர்த்தியில் தொடங்கிய வேலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு சமைப்பதற்காக வரவில்லை, விளக்கெரிக்க வந்தது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கினால் வெளிவரும் வாயுவைக் குழாயில் ஏற்றித் தெருவிளக்குகளில் எரித்தார்கள். 1826-இல் பெர்லினின் புகழ்பெற்ற உன்டர் டென் லிண்டன் சாலை இவ்வாறு ஒளிபெற்றது. நடத்தியது லண்டனைச் சேர்ந்த நிறுவனம். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மன் நகரங்கள் ஒவ்வொன்றாக எரிவாயு ஆலைகளைக் கட்டின. அப்போது ஜெர்மனி ஒரே நாடாகவும் இல்லை. பல அரசுகள், பல நாணயங்கள், பல அளவுமுறைகள். ஒவ்வோர் ஆலையின் பொறியாளரும் தன் ஊரில் தனியாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். உலை வெடித்தாலும் குழாய் கசிந்தாலும் அதிலிருந்து கிடைத்த பாடம் அந்த ஊரோடு நின்றது.

இந்தத் தனிமையை உடைக்க முதலில் வந்தது ஓர் இதழ். மியூனிக் எரிவாயு ஆலையின் பொறியாளர் நிக்கோலாஸ் ஹைன்ரிக் ஷில்லிங் 1858-இல் எரிவாயு விளக்குக்கென்று ஓர் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே சங்கம் உருவானது. தொடக்கத்தில் அதில் இருந்தவர்கள் எரிவாயுத் தொழில் வல்லுநர்களும் ஆலைகளின் பிரதிநிதிகளும் மட்டுமே. பக்கத்து நாடுகளிலும் இதே தேவை இருந்தது. பிரிட்டனில் 1863-இலும், சுவிட்சர்லாந்தில் 1873-இலும், ஆஸ்திரியாவில் 1881-இலும் இதையொத்த சங்கங்கள் தோன்றின.

சங்கம் தீர்க்க வேண்டியிருந்த ஆரம்பச் சிக்கல்களில் ஒன்று மிக எளிமையாகத் தோன்றும்: வெளிச்சத்தை எப்படி அளப்பது? நகரசபை ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது 'நல்ல வெளிச்சம் தர வேண்டும்' என்று எழுதினால் போதாது. நல்லது எது என்பதில் வழக்கு வரும். அதனால் ஒரு விளக்கு இத்தனை மெழுகுவர்த்திகளுக்குச் சமம் என்று எழுதினார்கள். ஆனால் எந்த மெழுகுவர்த்தி? தடித்த திரி ஒன்று, மெல்லிய திரி ஒன்று. விலங்குக் கொழுப்பு ஒன்று, பாரஃபின் ஒன்று. சங்கம் இதற்கென்றே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாரஃபின் மெழுகுவர்த்தியை வரையறுத்தது. அதன் சுடர் 50 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும்போது வரும் வெளிச்சமே ஓர் அலகு. சுடரின் உயரம் மாறினால் வெளிச்சமும் மாறும் என்பதால் உயரத்தையும் எழுதிவைத்தார்கள். இந்த அலகுக்குச் 'சங்க மெழுகுவர்த்தி' என்றே பெயர் நிலைத்தது. 1884-இல் ஃபிரிட்ரிக் ஃபான் ஹெஃப்னர்-ஆல்டெனெக் இன்னும் நம்பகமான அளவு விளக்கைக் கண்டுபிடித்த பின் அது மெல்ல ஒதுங்கியது.

வாங்குபவரும் விற்பவரும் ஒரே மெழுகுவர்த்தியைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும் ஏமாற்றுவது கடினமாயிற்று. 1882-இல் இதே சங்கமும் ஜெர்மன் பொறியாளர் சங்கமும் சேர்ந்து வார்ப்பிரும்புக் குழாய்களுக்குப் பொது அளவுகளை வகுத்தன. ஓர் ஊரின் குழாய் இன்னோர் ஊரின் இணைப்பில் பொருந்தியது. உதிரிப்பாகம் செய்த ஆலையை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை போயிற்று. அளவு பொதுவானால் நேர்மையும் பொதுவாகும் என்பதைச் சங்கம் தன் முதல் தலைமுறையிலேயே காட்டிவிட்டது.

ஒரே பள்ளத்தில் இரண்டு குழாய்கள்

எரிவாயுவும் நீரும் ஒரே சங்கத்தில் எப்படிச் சேர்ந்தன என்று வியப்பவர்கள் உண்டு. ஒன்று எரிவது, மற்றது அணைப்பது. ஆனால் ஒரு நகரத்தின் பொறியாளர் கண்ணில் இரண்டும் ஒரே வேலைதான். ஓரிடத்தில் உற்பத்தி செய்து, சேமித்து, அழுத்தம் கொடுத்து, தெருவைத் தோண்டிக் குழாய் பதித்து, வீட்டுக்குள் கொண்டுபோய், மீட்டர் வைத்து விற்பது. பல ஊர்களில் இரண்டையும் ஒரே ஆள் கவனித்தார். 1870-இல் நீர்த்துறையையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டபோது சங்கம் உண்மையில் இருந்த நிலையைத்தான் ஏற்றுக்கொண்டது.

இரண்டுக்கும் இன்னும் ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. கசியும் வாயுவைக் கண் பார்க்காது. கெட்ட நீரையும் பல நேரங்களில் கண் பார்க்காது. 1892-இல் ஹாம்பர்க் நகரில் பரவிய காலரா அதைக் கொடூரமாக நிரூபித்தது. 1842-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லி வடிவமைத்த குடிநீர் அமைப்பு ஹாம்பர்க்கில் இருந்தது. ஆனால் எல்பே ஆற்று நீரை மணல் வடிகட்டி வழியே செலுத்தும் ஏற்பாடு இல்லை. சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து, அதாவது ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, நீர் எடுத்தது. ஆனாலும் அங்கே மணல் வடிகட்டி இருந்ததால் பாதிப்பு மிகக் குறைவு. எல்லைத் தெரு ஒன்றின் இருபுறமும் இரண்டு விதிகள் நிலவின. வடிகட்டிய நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 நுண்ணுயிர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ராபர்ட் கோக் அப்போது முன்வைத்த அளவுகோல் நீர்த்துறையின் சிந்தனையையே மாற்றியது. மணல் வடிகட்டும் நுட்பம் அதற்கு முன்பே தெரிந்த ஒன்றுதான். தெரிந்த நுட்பம் எல்லா ஊருக்கும் கட்டாயப் பழக்கமாக ஆகவில்லை என்பதே ஹாம்பர்க்கின் துயரம்.

ஆகவே அறிவை உண்டாக்குவதும் பரப்புவதும் சேர்ந்தே நடக்க வேண்டியிருந்தது. வேதியியலர் ஹன்ஸ் புண்டே சங்கத்தின் பொதுச்செயலாளராக இருந்து அதை ஆய்வின் பக்கம் திருப்பினார். 1907-இல் கார்ல்ஸ்ரூவே நகரில், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை ஒட்டி, கற்பிக்கவும் சோதிக்கவும் ஓர் எரிவாயு நிலையம் எழுந்தது. நீருக்கான ஆய்வு மையமும் பின்னாளில் அதே ஊரில் வளர்ந்தது. விதி எழுதுகிறவர்களுக்குச் சொந்த ஆய்வுக்கூடம் இருப்பதன் பயனை நெடியூட்டல் விதியில் நேரடியாகப் பார்க்கலாம்.

ஐந்தில் ஒரு பங்கு

நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய நகர வாயுவுக்கு இயற்கையிலேயே கடும் நெடி இருந்தது. அதிலிருந்த கந்தக அசுத்தங்களே காரணம். அதனால் கசிவு தானாகவே தெரிந்தது. 1959-இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் மாபெரும் இயற்கை எரிவாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்ட பின் ஜெர்மனி படிப்படியாக இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அதில் நகர வாயுவின் நச்சான கார்பன் மோனாக்சைடு இல்லை. அது பெரிய நன்மை. ஆனால் நெடியும் போயிற்று. நெடியில்லாத இயற்கை எரிவாயு என்ன செய்யும் என்பதை உலகம் 1937 மார்ச் 18-ஆம் நாளே பார்த்திருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் தேங்கிய வாயு வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், இறந்தார்கள்.

ஜெர்மன் சங்கத்தின் ஜி 280 என்ற விதி இந்தச் சிக்கலை எப்படி அணுகுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டு வழியே கணக்கிட்டுப் பார்ப்போம். மீத்தேன் காற்றில் கலந்தால் உடனே வெடிக்காது. காற்றில் அதன் பங்கு சுமார் 4.4 விழுக்காட்டைத் தொட வேண்டும். அதற்குக் கீழே எரிபொருள் போதாது; தீப்பொறி பட்டாலும் தீ பரவாது. இந்த வாசலைக் 'கீழ் வெடி எல்லை' என்பார்கள். ஒரு வாயு கீழ் வெடி எல்லையின் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போதே சராசரி முகரும் திறனுள்ள ஒருவருக்கு நெடி ஐயமின்றித் தெரிய வேண்டும் என்கிறது விதி. அதாவது காற்றில் சுமார் 0.9 விழுக்காடு வாயு சேர்ந்த உடனேயே.

மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 30 கன மீட்டர், அதாவது 30,000 லிட்டர். அது வெடிக்கும் நிலைக்கு வர 1,320 லிட்டர் மீத்தேன் சேர வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு 264 லிட்டர். பற்றவைக்காமல் திறந்து விடப்பட்ட ஓர் அடுப்புக் குமிழிலிருந்து மணிக்குச் சுமார் 200 லிட்டர் வெளியேறும் என்று கொள்வோம். கதவு சன்னல் எல்லாம் மூடி, வாயு சீராகக் கலந்தால், ஒரு மணி 20 நிமிடத்தில் நெடி தெளிவாகத் தெரிந்துவிடும். வெடிக்கும் நிலை வர ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இடையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவகாசம். இப்போது கசிவைப் பெரிதாக்குவோம். குழாய் இணைப்பு கழன்று மணிக்கு 4,000 லிட்டர் பாய்கிறது. நான்கு நிமிடத்தில் நெடி, இருபது நிமிடத்தில் ஆபத்து. அவகாசம் 16 நிமிடம். காற்று வெளியே போகாத அறையில், கசிவு சிறிதானாலும் பெரிதானாலும், நெடி தெரியும்போது ஐந்தில் ஒரு பங்கு நேரமே கழிந்திருக்கும். நான்கு பங்கு மீதமிருக்கும். மணிக் கணக்கில் உத்தரவாதம் கொடுக்க எந்த விதியாலும் முடியாது, கசிவின் வேகம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. விகிதத்தில் உத்தரவாதம் கொடுக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு என்ற எண்ணின் புத்திசாலித்தனம் அங்கேதான் இருக்கிறது.

அந்த நெடிக்கு எவ்வளவு பொருள் வேண்டும்? நெடியூட்டியாக நீண்டகாலம் பயன்பட்டுவரும் டெட்ராஹைட்ரோதியோஃபீன் என்ற கந்தகச் சேர்மம், காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.08 மில்லிகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெளிவாகத் தெரியும். இது மனிதர்களை முகரச்செய்து பெற்ற அளவு. அறைக்காற்றில் வாயுவின் பங்கு நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதே இந்தச் செறிவு வர வேண்டுமானால், குழாயில் ஓடும் வாயுவில் அதன் நூறு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம், சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 2,000 கன மீட்டர் வாயுவில் வீட்டைச் சூடாக்கும் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு முழுவதும் தேவைப்படும் நெடி 20 கிராம்தான். இவ்வளவு சிறிய பொருளை இவ்வளவு பெரிய வாயு ஓட்டத்தில் சீராகக் கலப்பதும், குழாயின் கடைசி வீட்டிலும் அது குறையாமல் இருக்கிறதா என்று சோதிப்பதும் விதியின் மறுபாதி.

மூக்கை மட்டும் நம்பலாமா?

கூடாது என்பதே சங்கத்தின் பதில். மேலே போட்ட கணக்கு வாயு சீராகக் கலக்கும் என்று கொண்டது. நடைமுறையில் மீத்தேன் காற்றைவிட இலேசானது. அது கூரையை ஒட்டித் தேங்கினால் அங்கே ஆபத்து முன்னதாகவே வரும். தூங்குகிறவர் முகர மாட்டார். முதுமையில் முகரும் திறன் குறையும். ஒரே நெடியில் நீண்ட நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். நிலத்தடியில் கசியும் வாயு மண்ணின் ஊடே வரும்போது மண் நெடியூட்டியை உறிஞ்சிக்கொள்ளவும் கூடும்.

ஆகவே நெடியூட்டல் தனித்து நிற்கும் விதி அல்ல. வீட்டுக்குள் குழாய் எப்படிப் போட வேண்டும், இணைப்பை எப்படிச் சோதிக்க வேண்டும், அடுப்புக்கும் கொதிகலனுக்கும் காற்று எவ்வளவு வேண்டும் என்பதையெல்லாம் எரிவாயு நிறுவல்களுக்கான தொழில்நுட்ப விதி என்ற பெரிய தொகுப்பு சொல்கிறது. அதன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு, யாரேனும் வேண்டுமென்றே குழாயைக் கழற்றினால்கூடத் தானாக மூடிக்கொள்ளும் ஓட்டத் தடுப்பானைப் போன்ற பாதுகாப்புகளையும் விதியாக்கியது. தற்செயலான கசிவுக்கு எதிராக மூக்கு, வேண்டுமென்றே செய்யப்படும் நாசத்துக்கு எதிராக இயந்திரத் தடுப்பு. ஒரு விதி எதைச் செய்யாது என்பதை ஒப்புக்கொண்டு அடுத்த விதியை எழுதுவதுதான் இந்தத் தொகுப்பு வளர்ந்த முறை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்த விதிகள் எவையும் சட்டமல்ல. எழுதியது அரசும் அல்ல, பதிவுபெற்ற ஒரு தனியார் சங்கம். பிறகு ஏன் எல்லோரும் பின்பற்றுகிறார்கள்? ஜெர்மனியின் எரிசக்திப் பொருளாதாரச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. எரிசக்தி நிலையங்களின் தொழில்நுட்பப் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட வேண்டும், பொதுவாக ஏற்கப்பட்ட தொழில்நுட்ப விதிகள் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. எரிவாயுவில் இந்தச் சங்கத்தின் விதிகளையும், மின்சாரத்தில் மின்பொறியாளர் சங்கத்தின் விதிகளையும் பின்பற்றினால் அந்தக் கட்டளை நிறைவேற்றப்பட்டதாகக் கருதப்படும் என்று அதே பிரிவு தொடர்கிறது. இதை 'இணக்க அனுமானம்' என்று சொல்லலாம்.

அனுமானம் என்பதுதான் இங்கே முக்கியம். விதியைப் பின்பற்றியவர் தன்னைத் தற்காத்துக்கொள்வது எளிது. பின்பற்றாதவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். வேறு வழியில் அதே பாதுகாப்பை எட்டியதாக நிரூபிக்கலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை அவருடையது. விதி பழையதாகிவிட்டது என்று நீதிமன்றம் கருதினால் அதை ஒதுக்கவும் முடியும். ஜெர்மன் தொழில்நுட்பத் தரங்களைப் பற்றி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998-இல் கூறியது இதுவே: அவை பரிந்துரைத் தன்மையுள்ள தனியார் விதிகள், சட்ட நியமங்கள் அல்ல. இலக்கை அரசு வைத்துக்கொள்கிறது, வழியைத் தொழிலுக்கு விடுகிறது. சட்டத்தில் மில்லிகிராம் எழுதினால் ஒவ்வொரு புதிய நெடியூட்டிக்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியிருக்கும். கந்தகமில்லாத நெடியூட்டிகள் பிற்காலத்தில் பயன்பாட்டுக்கு வந்தபோது விதியைத் திருத்தினால் போதுமாயிற்று.

அறுபது டிகிரி

நீரின் பக்கத்தில் இதே முறை எப்படி இயங்குகிறது என்பதற்கு லெஜியோனெல்லா நல்ல சான்று. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே மர்ம நிமோனியாவாகத் தலைகாட்டிய இந்த நுண்ணுயிர், வெதுவெதுப்பான நீரில் பெருகி, குளியலறைத் தூவலின் நுண்துளிகள் வழியே நுரையீரலுக்குள் போகும். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூச்சில் போனால் உயிருக்கு ஆபத்து. சங்கத்தின் டபிள்யூ 551 விதி பெரிய கட்டடங்களுக்கு இரண்டு எண்களைச் சொல்கிறது. சூடாக்கியிலிருந்து வெளியேறும் நீர் 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கட்டடம் முழுக்கச் சுற்றித் திரும்பும்போதும் 55 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 25 முதல் 45 டிகிரி வரை நுண்ணுயிர் செழிக்கும் என்பதால் குழாயின் எந்த மூலையிலும் நீர் அந்த வெப்பநிலையில் தேங்காமல் செய்வதே நோக்கம். ஜெர்மன் குடிநீர் ஆணை, 100 மில்லிலிட்டர் நீரில் லெஜியோனெல்லா 100 என்ற அளவை எட்டினால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. எப்போது விழித்துக்கொள்ள வேண்டும் என்பதை அரசு சொல்கிறது. அந்த நிலை வராமல் எப்படிக் குழாய் அமைப்பது என்பதைச் சங்கம் சொல்கிறது.

இன்று இந்த 60 டிகிரி சிக்கலுக்கு உள்ளாகியிருக்கிறது. வெப்பப் பம்புகள் குறைந்த வெப்பநிலையில்தான் சிக்கனமாக இயங்கும். நீரை 60 டிகிரிக்கு ஏற்றினால் மின்சாரம் வீணாகும். இறக்கினால் நுண்ணுயிர் பெருகலாம். காலநிலையும் சுகாதாரமும் இரண்டும் நியாயமான அக்கறைகள். எந்தக் கட்டடத்தில், எத்தனை நாள் தேங்கும் குழாயில், எந்த வெப்பநிலை போதும் என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். அளப்பதற்கு ஆய்வுக்கூடமும், அளந்ததை வைத்து விவாதிக்க எல்லாத் தரப்பும் உட்காரும் மேசையும் வேண்டும்.

பாலுக்குப் பூனை காவலா?

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று எழுகிறது. எரிவாயு விற்பவர்களே எரிவாயுவுக்குப் பாதுகாப்பு விதி எழுதினால், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதானே? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. செலவு கூடும் விதியைத் தொழில் விரும்பாது என்பது எங்கும் பார்க்கும் நடப்பு. ஆனால் மூன்று ஏற்பாடுகள் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன. முதலாவது, வணிக நலன்களைப் பேசும் அமைப்பு வேறு. 2007-இல் பல சங்கங்கள் இணைந்து உருவான எரிசக்தி, நீர்ப் பொருளாதாரக் கூட்டமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. விலையும் வரியும் அதன் பொருள். இரண்டாவது, எந்த விதியும் முதலில் மஞ்சள் அச்சு என்றழைக்கப்படும் வரைவாக வெளியிடப்படுகிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; அதன் பிறகே இறுதி வடிவம். மூன்றாவது, ஒரு விபத்து நடந்தால் நற்பெயர் கெடுவது ஒரு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, குழாய் எரிவாயு என்ற தொழிலுக்கே. அலட்சியமான ஓர் ஆலை மற்ற எல்லா ஆலைகளுக்கும் பகை. இந்தப் பொது அச்சம் தொழிலைத் தன்னைத்தானே கண்காணிக்க வைக்கிறது.

இந்தப் பதில்கள் ஐயத்தை முழுமையாகத் தீர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விபத்து கண்ணுக்குத் தெரியும். அதன் அச்சம் வேலை செய்யும். மெல்ல நேரும் பாதிப்புக்கு, நீரில் கரையும் வேதிப்பொருளுக்கோ காற்றில் கலக்கும் மீத்தேனுக்கோ, அந்த அச்சம் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அங்கே அரசின் அளவுகளும் சுயேச்சையான ஆய்வாளர்களும் மக்களின் கேள்விகளும் இன்றியமையாதவை. குடிநீரில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்ற எல்லைகளை ஜெர்மனி சட்டத்திடமே விட்டிருப்பது சரியான பிரிவினை.

இரண்டாவது எதிர்வாதம் விலை பற்றியது. சட்டம் மதிக்கும் இந்த விதிகளைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும். தான் கட்டுப்பட வேண்டிய விதியைக் குடிமகன் காசு கொடுத்து வாங்கிப் படிப்பது முறையா? விதி எழுதும் குழுக்களுக்கும் ஆய்வுக்கும் அந்த வருவாய் உதவுகிறது என்பது சங்கங்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் 2024 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், பொம்மைகளின் பாதுகாப்புத் தரங்கள் தொடர்பான வழக்கில், ஐரோப்பியச் சட்டத்தின் பகுதியாக ஆகிவிட்ட இணக்கத் தரங்களை மக்கள் பார்ப்பதில் மேலோங்கிய பொதுநலன் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்தச் சங்கத்தின் விதிகளைப் பற்றியது அல்ல. ஆனால் அதன் தர்க்கம் இங்கும் பொருந்தும். அறிவைப் பொதுவில் வைத்ததால் பெருமைபெற்ற ஏற்பாடு, அந்த அறிவின் வாசலில் கட்டணச்சாவடி வைத்திருப்பது அதன் அடிப்படைக்கே முரண். வேறு வழியில் நிதி கண்டு, பாதுகாப்பு விதிகளையாவது இலவசமாக்குவதே நேர்மையான திசை.

ஹைட்ரஜன் வைக்கும் சோதனை

இந்த ஏற்பாட்டின் தற்போதைய சோதனை ஹைட்ரஜன். பழைய நகர வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன்தான். ஆகவே அது குழாய்த்தொழிலுக்குப் புதிய விருந்தாளி அல்ல. வாயுவின் தரத்தை வரையறுக்கும் ஜி 260 விதி 2021-இல் திருத்தப்பட்டபோது ஹைட்ரஜன் ஐந்தாவது வாயுக் குடும்பமாகச் சேர்க்கப்பட்டது. சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் ஷோப்ஸ்டார்ஃப் பகுதியில் சங்கத்தினர், எரிவாயு வலையமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, இயங்கிக்கொண்டிருக்கும் குழாய்களில் 20 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்து சோதித்தார்கள். அடுப்புகளும் கொதிகலன்களும் அதைத் தாங்குகின்றனவா என்பதே கேள்வி. இது அறிவியலுக்கு உகந்த கேள்வி; அளந்து விடை காணலாம்.

வீடுகளை ஹைட்ரஜனால் சூடாக்குவது சரியா என்ற கேள்வி வேறு. மின்சாரத்தால் ஹைட்ரஜன் செய்து அதை எரிப்பதைவிட, அதே மின்சாரத்தால் வெப்பப் பம்பை ஓட்டினால் பல மடங்கு வெப்பம் கிடைக்கும் என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். இயற்பியல் அவர்கள் பக்கம் நிற்கிறது. எரிவாயுக் குழாய்களில் பெருமுதலீடு செய்துள்ள உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சங்கம் ஹைட்ரஜனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது, அதை வெறும் தொழில்நுட்பக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. குழாய் பாதுகாப்பாக ஹைட்ரஜனைத் தாங்குமா என்பதில் சங்கத்தின் அளவீடு மதிக்கத்தக்கது. அந்தக் குழாய் தேவையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும்தான். இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பாமல் பிரித்து வைத்தால்தான் சங்கத்தின் மீதுள்ள நம்பிக்கை நிலைக்கும்.

எழுதிய விதியின் வலிமை

ஒரு தனி மனிதர் எத்தனை பட்டறிவு பெற்றாலும் அது அவரோடு போய்விடும். எழுதிய விதி இருந்தால் ஓர் ஊரின் விபத்து மறு ஊரின் பாதுகாப்பாக மாறும். கடந்த நூற்றாண்டில் குழாய்த்தொழில் கண்ட முன்னேற்றத்தில் பெரும்பங்கு, தெரிந்த ஒன்றை எல்லோருடைய அன்றாடப் பழக்கமாக்கியதில் அடங்கியிருக்கிறது. அதற்குப் பொறியாளர்கள் போட்டியாளர்களாக இருந்துகொண்டே ஒன்றுகூடத் துணிந்தார்கள். அரசு எல்லாவற்றையும் தானே எழுத வேண்டும் என்ற ஆசையை விட்டது. இரண்டும் எளிதில் நடக்கும் காரியங்கள் அல்ல.

அதே வரலாறு இந்த ஏற்பாட்டின் நிபந்தனைகளையும் சொல்கிறது. இலக்கை வகுக்கும் அதிகாரம் மக்களிடம் இருக்க வேண்டும். வரைவு திறந்திருக்க வேண்டும். இறுதி விதி யார் கைக்கும் எட்ட வேண்டும். விதி எழுதுகிறவருக்குத் தன் சொந்த அளவீடு இருக்க வேண்டும். தன் நலன் எங்கே குறுக்கிடுகிறது என்பதை அவர் மறைக்கக் கூடாது. புதிதாகக் குழாய் எரிவாயுவோ பெரிய நீர்த்திட்டமோ அமைக்கும் எந்த நாடும் ஜெர்மன் விதிகளின் எண்களை அப்படியே பெயர்த்து எழுதிக்கொள்வதால் மட்டும் பாதுகாப்பைப் பெற்றுவிடாது. எண்கள் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். அவற்றைக் கண்டடையவும், கேள்வி கேட்கவும், திருத்தவும் வல்ல ஒரு தொழிற்சமூகத்தை உருவாக்கிக்கொள்ளும் நாடுதான் அந்த எண்களின் பயனை முழுமையாக அடையும்.